சுருள் பூச்சி எந்த இனம்?

தென்னார்க்காட்டில் மல்லாட்டை என்றும், பிற இடங்களில் வேர்க்கடலை, நிலக்கடலை என்றும் வழங்கும் பயிர், மழை சில வாரங்கள் பொய்த்து வெயில் ஏறிய பருவத்தில், தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு யாரோ தீ வைத்துப் பொசுக்கிவிட்ட நிலம்போலப் பழுப்பேறித் தோன்றுவது உண்டு. கிட்டப் போய் ஒரு சிற்றிலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையிலிருந்த பச்சை முழுவதும் தின்னப்பட்டுக் கொப்புளம்போல் வெளிறிய ஒரு திட்டும், அதனுள்ளே நூல்பருமனே உள்ள ஒரு சிறு புழுவும் தென்படும். புழு சற்று வளர்ந்ததாயின், அந்த இடுக்கு வாசம் அதற்குப் போதாமல் வெளியே வந்து, அண்டைச் சிற்றிலைகளைத் தன் வாயிழையால் பிணைத்தோ, ஒரே இலையை மடித்தோ, அந்தச் சுருளுக்குள்ளேயே இருந்து தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகிவிடும். ஆகவேதான் குடியானவர்கள் இதற்குச் சுருள் பூச்சி என்று பெயர் வைத்தார்கள். சுருளிலிருந்து வெளிப்படும் அந்துப்பூச்சியின் நீளம் சுமார் 6 மில்லிமீட்டர். சாம்பல் கலந்த பழுப்பு நிறம். முன்சிறகின் மேல்விளிம்பில் ஒரு வெண்புள்ளி. இவ்வளவுதான் அதன் வெளித்தோற்றம்.

இத்தனை அற்பமான உருவத்தையுடைய பிராணி எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற கேள்விக்கு, 1852 முதல் இன்றுவரை, நான்கு கண்டங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் விடை சொல்லியும் மாற்றியும் வந்திருக்கிறார்கள். பயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய பிரசுரங்களில் சுருள் பூச்சியைக் காணாத பிரசுரம் இல்லை. ஆயினும் அது யார் என்று கேட்டால் பிரசுரத்துக்குப் பிரசுரம் வெவ்வேறு விடை வரும் என்பதனால், அதைப் பரிச்சயமில்லாத பூச்சி என்று சொல்வதே பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். ஒருவரை நாள்தோறும் பார்ப்பது வேறு, அவர் குலமும் ஊரும் தெரிந்திருப்பது வேறு அல்லவா?

முதலில் அதன் குடும்பத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். தமிழில் அந்து என்ற சொல், குதிருக்குள் நெல்லைத் துளைத்து வெற்று உமியாக்கிவிடும் சிறு பூச்சிக்கே முதன்மையாக வழங்கியது. பின்னரே இரவில் பறக்கும் சிறகுச் செதில் பூச்சிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராக விரிந்தது. அந்த நெல் அந்தும், நமது சுருள் பூச்சியும், பருத்திக் காய்க்குள் புகும் இளஞ்சிவப்புப் புழுவும், உருளைக்கிழங்கைக் குடையும் புழுவும் சாஸ்திர ரீதியில் ஒரே குடும்பத்து உறுப்பினர்கள். கெலிக்கிடே என்று பெயர்பெற்ற அந்தக் குடும்பத்தில் இதுவரை விவரிக்கப்பட்ட இனங்கள் 4,500க்கு மேற்பட்டவை. முகத்தின் முன்புறத்தில் அரிவாள்போல் மேல்நோக்கி வளைந்து நெற்றியைத் தாண்டி நிற்கும் இரண்டு உணர்விரல்களும், நுனி விரல் நீட்டியதுபோல் கூராகி அதற்குக் கீழே விளிம்பு உட்குழிந்த பின்சிறகும் இக்குடும்பத்தின் பிரதான லட்சணங்கள். குடும்பத்தை அறிவது இவ்வளவு சுலபமாக இருக்க, உள்ளே நுழைந்து இனத்தை அறிவதுதான் பிரயாசை. ஏனெனில் பெரும்பாலானவை பழுப்பும் சாம்பலுமான ஒரே உடுப்பை உடுத்தவை, அந்த உடுப்பும் பிடிக்கும்போதே விரலில் தூளாக உதிர்ந்துவிடக்கூடியது. விளக்கில் விழுந்து துடித்த பூச்சியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்: புள்ளியும் இல்லை, கோடும் இல்லை, மங்கிய ஒரு சிறகுச் சட்டகம் மாத்திரமே மிஞ்சியிருக்கும்.

இனிப் பெயர்களின் வரலாறு. ஸ்வீடன் தேசத்து இயற்கை ஆராய்ச்சியாளரான வால்பெர்க் 1838க்கும் 1845க்கும் இடையே தென்னாப்பிரிக்காவில் சுற்றித் திரிந்து திரட்டிய பொருள்களில் சிற்றந்துகளும் இருந்தன. அவற்றை ஆராய்ந்து எழுதும் பொறுப்பு ஜெர்மானியப் பள்ளியாசிரியரான பிலிப் கிறிஸ்டோஃப் ஸெல்லருக்குக் கிடைத்தது. அவர் 1852இல் வெளியிட்ட லத்தீன் நூலில் ஸப்ஸெஸிவெல்லா என்ற பெயரைச் சூட்டிய ஒரு பூச்சி இடம்பெற்றது. சிற்றந்துகளின் பெயர் ‘எல்லா’ என்று முடிய வேண்டும் என்பது லின்னேயஸ் காலத்திலிருந்து வந்த சம்பிரதாயம். ஸெல்லர் அதைப் பக்தியோடு பின்பற்றியவர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1864இல், லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டு ஃபிரான்ஸிஸ் வாக்கர் என்பவர் ஸிம்ப்ளெக்ஸெல்லா என்ற மற்றோர் இனத்தை விவரித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, ஜாவாவின் சிற்றந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்த டச்சுக்காரரான வான் டெவென்டர் 1904இல் மோடிசெல்லா என்ற பெயரைத் தந்தார். இரண்டே ஆண்டுகளில், 1906இல், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் பத்திரிகையில் எட்வர்ட் மெய்ரிக் நெர்டேரியா என்ற நான்காவது பெயரைப் பிரசுரித்தார். அப்பெயர், நிலத்துக்கு அடியிலுள்ளது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. மண்ணுக்குள் காய்க்கும் செடியின் பூச்சிக்கு இது எவ்வளவு பொருத்தமாக வாய்த்துவிட்டது!

இந்த நால்வரில் ஒருவரும் மற்றவர் மாதிரியைத் தம் மேஜையில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துப் பெயரிட்டவரல்லர் என்று கருத இடமிருக்கிறது. அதற்காக அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. ஒரு தேசத்திலிருந்து மற்றொரு தேசத்துக்குப் பெட்டி போய்ச்சேர மாதங்கள் ஆகும் காலம் அது; அன்றியும், தென்னாப்பிரிக்காவில் பிடித்த பூச்சியும் ஜாவாவில் பிடித்த பூச்சியும் ஒன்றாகவே இருக்கலாம் என்ற சந்தேகமே அந்நாளில் எவருக்கும் எழக் காரணமில்லை.

நம் நாட்டுக் கதை மெய்ரிக்கோடு தொடங்குகிறது. இங்கிலாந்தில் மார்ல்பரோ என்ற ஊரிலுள்ள கல்லூரிப் பள்ளியில் ஆசிரியராயிருந்த அவர், ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து உலகமெங்கும் இருந்து வந்த சிற்றந்துகளை விவரித்து, பதினாயிரத்துக்கும் அதிகமான இனங்களுக்குப் பெயர் சூட்டியவர். 1938இல் காலமானபோது லட்சம் மாதிரிகளுக்கு மேல் அவர் சேகரிப்பில் இருந்தன. கோயம்புத்தூரில் சென்னை மாகாண அரசாங்கப் பூச்சியியல் நிபுணராயிருந்து, பின்னர் பீகாரிலுள்ள பூசாவுக்கு இம்பீரியல் நிபுணராகச் சென்ற பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சர், தாமே சிற்றந்துகளில் பற்றுடையவர். அவர் புழுக்களை வளர்த்து வெளிவந்த பூச்சிகளை மெய்ரிக்குக்கு அனுப்பிய வண்ணம் இருந்தார். அதனால்தான் மெய்ரிக்கின் எழுத்துக்களில் கோயம்புத்தூர் என்ற ஊர்ப்பெயர் மீண்டும் மீண்டும் வருகிறது. ஃபிளெட்சர் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூலும், டி. வி. ராமகிருஷ்ண அய்யர் 1940இல் வெளியிட்ட தென்னிந்தியப் பொருளாதாரப் பூச்சியியல் கைநூலும் நம் மாகாணத்தில் இத்துறைக்கு இட்ட அஸ்திவாரங்கள். அக்காலத்து இந்நாட்டு எழுத்துக்களில் சுருள் பூச்சி நெர்டேரியாவாகவே நடமாடிற்று. முதலில் அனகாம்ப்ஸிஸ் என்ற பேரினத்திலும், பிறகு ஸ்டோமாப்டெரிக்ஸ் என்ற பேரினத்திலும் வைக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் சில பத்தாண்டுகள் ஸ்டோமாப்டெரிக்ஸ் ஸப்ஸெஸிவெல்லா என்ற பெயர் செல்வாக்குப் பெற்றது. மீண்டும் காற்று மாறி, ஹைதராபாத்தை அடுத்த பட்டன்சேருவில் 1972இல் ஏற்பட்ட சர்வதேச வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இப்பூச்சியைப் பற்றிய உலக இலக்கியங்களைத் தொகுத்து 1981இல் பிரசுரித்தபோது, அப்ரோஏரிமா மோடிசெல்லா என்ற பெயரே தலைப்பில் நின்றது. ஸப்ஸெஸிவெல்லா அடைப்புக்குறிக்குள் மறுபெயராக ஒதுங்கியது. இன்றும் நம் விவசாயக் கல்லூரி மாணவர்கள் மனப்பாடம் செய்வது இந்தப் பெயரைத்தான்.

இங்கே ஒரு நுட்பமான விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பேரினம் மாறுவது வேறு, இனமே மாறுவது வேறு. ஒருவர் வீடு மாறினால் விலாசம் மாறுகிறது, ஆள் மாறுவதில்லை. ஸ்டோமாப்டெரிக்ஸிலிருந்து அப்ரோஏரிமாவுக்குப் போனது விலாச மாற்றம். அப்ரோஏரிமா, 1897இல் டியூரண்ட் என்பவர் ஐரோப்பாவிலுள்ள, அவரைக் குடும்பச் செடிகளின் இலைகளைக் குடையும் ஒரு பூச்சியை ஆதாரமாகக் கொண்டு ஏற்படுத்திய பேரினம் ஆதலால், கடலையிலைக்குள் வாழும் நம் பூச்சியை அங்கே குடியேற்றியதில் ஓர் இயல்பு இருந்தது. ஆனால் ஸப்ஸெஸிவெல்லாவா, மோடிசெல்லாவா, ஸிம்ப்ளெக்ஸெல்லாவா என்பது ஆள் யார் என்ற கேள்வி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதே, பெயர் மாற்றம் என்றாலே விஞ்ஞானிகளின் வீண் விளையாட்டு என்று பொதுமக்கள் சலித்துக்கொள்ளக் காரணம்.

ஆள் யார் என்று அறிவதற்கு மெய்ரிக் நம்பியிருந்த பிரமாணம் சிறகின் நரம்பமைப்பும், உணர்விரல்களும், நிறமும். பூச்சியின் வயிற்றின் கடைக்கோடியிலுள்ள இனப்பெருக்க உறுப்புக்களைப் பிரித்துப் பார்த்து வகைப்படுத்தும் முறையை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய உழைப்பில் எவ்வளவு மதிப்பு வைத்தாலும், இந்தப் பிடிவாதம் சிற்றந்து ஆராய்ச்சிக்குப் பெரும் பின்னடைவாயிற்று என்றே நான் கருதுகிறேன். ஆணின் உறுப்பும் பெண்ணின் உறுப்பும் பூட்டும் சாவியும்போல இனத்துக்கு இனம் தனித்தனியே அமைந்திருக்கின்றன என்ற கருத்தை ஃபிரெஞ்சுக்காரரான டூஃபூர் 1844லேயே வெளியிட்டார். அந்த உவமை எல்லா இனங்களுக்கும் அப்படியே செல்லுபடியாகாது என்று பின்னால் தெரிந்தபோதிலும், ஒரே உடுப்பை உடுத்த இரண்டு பூச்சிகளைப் பிரித்தறிய அந்த உறுப்புக்களைவிட நம்பகமான வெளியடையாளம் இல்லை என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. செய்முறையும் எளிது: வயிற்றுப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடுக் கரைசலில் சற்றே காய்ச்சினால் தசையும் கொழுப்பும் கரைந்து கெட்டியான கூடு மட்டும் நிற்கும்; மெல்லிய தூரிகையால் செதில்களை நீக்கி, சாயமேற்றி, கண்ணாடிச் சில்லில் பதித்து, நுண்ணோக்கியில் பார்க்கலாம். மெய்ரிக் செய்யாமல் விட்ட இந்த வேலையை, அவர் மறைவுக்குப் பின், அமெரிக்கரான கேட்ஸ் கிளார்க் லண்டனில் உட்கார்ந்து, அவருடைய மூலமாதிரிகளுக்குச் செய்து, 1955 முதல் 1970 வரை எட்டுப் பெரிய சம்புடங்களாகச் சிறகின் படத்தோடும் உறுப்பின் படத்தோடும் வெளியிட்டார். ஒரு மனிதர் பெயரிட்டதை மற்றொரு மனிதர் பல ஆண்டுகளைச் செலவிட்டு நிலைநாட்டிய அந்த நூல்வரிசையை, நன்றியுணர்ச்சி இல்லாமல் நினைக்க இயலவில்லை. மூலமாதிரி என்பது, பெயரிட்டவர் கையில் வைத்துப் பார்த்த அந்த ஒரு பூச்சி. பெயர் எவ்வளவு தூரம் பயணம் செய்தாலும் கடைசியில் அந்த ஒற்றை ஊசியில் குத்தியிருக்கும் உடலில்தான் கட்டுண்டிருக்கிறது.

இந்த விவாதம் மியூசிய அலமாரிகளுக்குள்ளேயே அடங்கிக் கிடந்திருக்கலாம். ஆனால் 1998இல் உகாண்டாவில் கடலைப் பயிர் பொசுங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் மலாவி, மொஸாம்பிக், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளிலும் அதே காட்சி. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் நெடுங்காலமாக அறியப்பட்ட சுருள் பூச்சிதான் கப்பலிலோ விமானத்திலோ ஏறி ஆப்பிரிக்காவில் குடிபுகுந்துவிட்டது என்பதே அப்போது பரவலாக எழுந்த முடிவு. இப்படிப்பட்ட முடிவு வெறும் ஏட்டு விஷயமன்று. வந்தேறி என்றால், அதனுடைய தாயகத்தில் அதை அடக்கி வைத்திருக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைத் தேடிக் கொண்டுவந்து விடலாம். உள்ளூர்ப் பிராணி என்றால், குளவிகள் அங்கேயே இருக்க வேண்டும், அவை ஏன் தவறின என்பதுதான் கேள்வியாகும். நோய்க்கு மருந்து மாறுவதுபோல, பெயர் மாறினால் செய்ய வேண்டிய காரியமே மாறிவிடுகிறது.

அப்போதுதான் மரபணு சாட்சிக்கு வந்தது. கனடாவிலுள்ள குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹெபெர்ட் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியா என்ற உறுப்பிலுள்ள ஒரே ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துக்களை வாசித்தால், கடைச் சரக்கின் மேலுள்ள கோட்டுக்குறிபோல, அதுவே பிராணியின் இனத்தைச் சொல்லிவிடும் என்பது அதன் சாரம். தென்னாப்பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் தம் நாட்டுக் கடலை வயல்களில் எடுத்த புழுக்களை இம்முறையில் வாசித்து 2012இல் வெளியிட்ட முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. அந்த எழுத்துக்கள் ஒத்திருந்தது ஆஸ்திரேலியாவில் சோயாமொச்சையைத் தின்னும் ஸிம்ப்ளெக்ஸெல்லாவோடு! பின்னர் இந்தியப் பூச்சிகளையும் சேர்த்து ஒப்பிட்டபோது, மூன்று கண்டத்துப் பூச்சிகளும் ஒரே இனம் என்று கொள்ளத்தக்க அளவுக்கு நெருங்கி நின்றன. நாலு பெயர், ஒரு பூச்சி என்ற நிலைமை இதனால் பலப்பட்டது.

ஒரே இனம் என்று ஒப்புக்கொண்டால் எந்தப் பெயர் நிற்கும்? பிராணிகளின் பெயரிடல் பற்றிய சர்வதேச விதித்தொகுப்பின்படி முந்தியதே செல்லும். ஆகவே 1852இல் பிறந்த ஸப்ஸெஸிவெல்லாவே சிம்மாசனத்துக்கு உரியது. நெடுங்காலமாக வழங்கிவரும் இளைய பெயரைக் காப்பாற்ற விதியில் ஒரு சலுகை உண்டு. அது, மூத்த பெயர் 1899க்குப் பிறகு எவராலும் ஏற்கப்பட்ட பெயராக எடுத்தாளப்படாமல் மறந்துபோயிருந்தால் மட்டுமே கிட்டும். ஸப்ஸெஸிவெல்லாவையோ நம் நாட்டவரே சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே மோடிசெல்லாவுக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கென 1986இல் ஏற்பட்ட பைலோபேட்டா என்ற பேரினத்தோடு சேர்த்து, பைலோபேட்டா ஸப்ஸெஸிவெல்லா என்ற பெயரே அண்மைக் காலத்து ஆப்பிரிக்க எழுத்துக்களில் இடம்பெற்று வருகிறது. சுற்றிச் சுற்றி, நம் முன்னோர் பழகிய பெயருக்கே திரும்பி வந்திருக்கிறோம் எனலாம்.

ஆயினும் முழு வழக்கும் தீர்ந்துவிட்டது என்று நான் கருதவில்லை. கோட்டுக்குறி முறையின் பலத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அதன் வரம்பைத்தான் நினைவூட்ட விரும்புகிறேன். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாக மட்டுமே இறங்குவது. இரண்டு நெருங்கிய இனங்கள் எப்போதோ ஒருமுறை கலந்திருந்தாலும், தாய்வழியே பரவும் நுண்ணுயிர் ஒன்று ஊடுருவியிருந்தாலும், வெவ்வேறு இனங்கள் இந்த ஒரு மரபணுவில் ஒரே முகத்தைக் காட்டக்கூடும். அன்றியும் ஒப்பிடப்பட்டவை வயல்களிலிருந்து எடுத்த இன்றைய பூச்சிகள். பெயர்களோ ஸெல்லரும் வாக்கரும் வான் டெவென்டரும் கண்ட பழைய உடல்களில் கட்டுண்டவை. ஊசியில் குத்திய பழம்பூச்சியின் ஒரு காலிலிருந்தே மரபணுத் துணுக்குகளை மீட்டெடுக்க இன்று வழி ஏற்பட்டிருக்கிறது. அந்த மூலமாதிரிகளையும், அவற்றின் உறுப்பமைப்பையும், உட்கருவின் மரபணுக்கள் பலவற்றையும் ஒரே ஆராய்ச்சியில் பக்கம் பக்கமாக வைத்து நிறுத்தும்போதுதான் ஸப்ஸெஸிவெல்லா என்ற பெயர் நம் வயல் பூச்சிக்கு ஐயமின்றிப் பொருந்தும். ஒரே இனம் என்ற பக்கமே என் மனம் சாய்கிறது. ஆனால் சாய்வு வேறு, நிரூபணம் வேறு.

பூச்சிகள் தாமே தரும் சாட்சியும் ஒன்று உண்டு. பெண் பூச்சி ஆணை அழைக்க வெளிவிடும் வாசனைத் திரவம், பத்துக் கரி அணுக்கள் கொண்ட சில அசிடேட்டுக்களின் கலவை என்று இந்தியப் பூச்சிகளைக் கொண்டு 1990களில் கண்டறியப்பட்டது. கலவையின் விகிதம் மாறினால் பொதுவாக ஆண் திரும்பியும் பாராது. இந்தியக் கலவைக்கு ஆப்பிரிக்க ஆணும் ஆஸ்திரேலிய ஆணும் ஓடி வருகின்றனவா என்று பார்ப்பது, ஆராய்ச்சிச்சாலை அளிக்கும் எந்தச் சான்றுக்கும் குறைந்ததன்று. ஏனெனில் இனம் எது என்று பூச்சியே தீர்ப்புச் சொல்கிறது.

மற்றொரு விஷயத்தில் நாம் இன்னும் போதிய கவனம் செலுத்தவில்லை என்பதே என் ஆழ்ந்த வருத்தம். கடலை தென்னமெரிக்காவில் பிறந்த செடி. மல்லாட்டை என்ற பெயரே மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ; கடல் கடந்து வந்ததை அந்தச் சொல்லே சொல்லுகிறது. புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து மார்செய்ல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனதனால் நம் புன்செய்களில் அது விரிந்து பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதை. சுருள் பூச்சியோ பழைய உலகத்தது. ஆகவே, கடலை வருவதற்கு முன் அது வேறு ஏதோ செடியில் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது வெளிப்படை. கார்போகரிசிச் செடியிலும், அவுரி வர்க்கச் செடிகளிலும், பாசிப்பயற்றிலும், துவரையிலும், குதிரைமசாலிலும் இப்புழு காணப்பட்டிருக்கிறது. இவற்றில் கார்போகரிசி, வைத்தியர்கள் வெண்குஷ்டத்துக்குக் கையாளும் விதையைத் தருவது. நம் தரிசுகளிலும் வரப்புகளிலும் தானே முளைப்பது. ஒரு நாட்டின் காட்டுச் செடிகளில் இப்பூச்சியின் பல்வேறு மரபுக் கிளைகள் செழித்திருந்தால் அதுவே அதன் தாயகம் என்று துணிய இடம் ஏற்படும்; கடலைப் பயிரில் மட்டும் எடுத்த மாதிரிகளைக் கொண்டு, விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்று எப்படி அறிவது?

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கடலை அறுவடையாகி நிலம் வெறுமையாகக் கிடக்கும் கோடையில், வரப்போரத்துக் கார்போகரிசியின் இலைகளைப் புரட்டிப் பார்த்து, கொப்புளமோ மடிப்போ கண்டால், இலையோடு எடுத்து, வாயைத் துணியால் கட்டிய கண்ணாடிப் புட்டியில் விட்டு, அது வாடாமல் ஒரு துளி ஈரம் காத்து, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். புழுப் பருவத்திலேயே ஆணை அடையாளம் கண்டுகொள்ளலாம். அதன் வயிற்றில் தோலினூடே ஓர் இளஞ்சிவப்புத் தடம் தெரியும். பூச்சி வெளிவந்த பிறகு அதை ஊசியில் குத்தி, ஊரின் பெயரும், நாளும், எந்தச் செடியின் இலையிலிருந்து வந்தது என்பதும் எழுதிய சிறு சீட்டை அதன் கீழே கோத்துவிட வேண்டும். வால்பெர்க் பெட்டியில் வந்த பூச்சியின் கீழே செடியின் பெயர் எழுதிய அப்படியொரு சீட்டு இருந்திருந்தால், நூற்றெழுபது ஆண்டு விவாதத்தில் பாதி எழுந்தே இராது.